கரையும் ஆறும்: வங்காளதேசக் காலநிலைத் தகவமைப்புக் கொள்கையில் சூழல் அறத்தின் வரலாறு

முன்னுரை

காலநிலை மாற்றத்தை எதிர்கொள்ள அரசுகள் இரண்டு வழிகளைக் கையாளுகின்றன. புவியைச் சூடேற்றும் வளிகளின் வெளியீட்டைக் குறைப்பது ஒன்று. வந்துவிட்ட மாற்றத்துக்கும் வரப்போகும் மாற்றத்துக்கும் ஏற்ப வாழ்வையும் நிலத்தையும் அமைத்துக்கொள்வது மற்றொன்று. இரண்டாவதே தகவமைப்பு எனப்படுகிறது. கரை கட்டுதல், புயல் பாதுகாப்பு மையம் அமைத்தல், உப்பைத் தாங்கும் நெல்லைப் பயிரிடுதல், மக்களை இடம் மாற்றுதல் ஆகியவை இதில் அடங்கும். பார்ப்பதற்கு இவை பொறியியல் சார்ந்த பணிகளாகத் தோன்றலாம். ஆனால் ஒரு கரை எங்கே கட்டப்படுகிறது என்பதிலேயே யார் காக்கப்படுகிறார், யார் வெளியே விடப்படுகிறார் என்ற முடிவும் அடங்கியிருக்கிறது. அது அறம் சார்ந்த முடிவு.

இதை வரலாற்று நோக்கில் அறிய வங்காளதேசம் தக்க எடுத்துக்காட்டு. ஏறத்தாழ 1,47,570 சதுர கிலோமீட்டர் பரப்பில் சுமார் 17 கோடி மக்கள் வாழும் நாடு அது. கங்கை, பிரம்மபுத்திரா, மேக்னா ஆகிய மூன்று பேராறுகள் கொண்டுவந்து சேர்த்த வண்டலால் உருவான தாழ்நிலம். உலகின் பசுங்குடில் வளி வெளியீட்டில் இந்நாட்டின் பங்கு அரை விழுக்காட்டுக்கும் குறைவு. ஆயினும் புயல், வெள்ளம், உப்புநீர் ஊடுருவல், ஆற்றரிப்பு ஆகிய அனைத்தையும் அது தாங்கி வருகிறது. இந்நாட்டின் தகவமைப்புக் கொள்கையில் சூழல் அறம் எப்படி நுழைந்தது, எங்கே நின்றுவிட்டது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

சூழல் அறவியல் எழுப்பும் கேள்விகள்

மனிதருக்கும் மனிதரல்லாத இயற்கைக்கும் இடையிலான கடமைகளை ஆராயும் துறை சூழல் அறவியல். அமெரிக்க வனவியலாளர் ஆல்டோ லியோபோல்டின் நூல் 1949 இல் வெளிவந்தது. மண், நீர், தாவரம், விலங்கு அனைத்தையும் ஒரே சமூகத்தின் உறுப்புகளாகக் காண வேண்டும் என்ற நில அறத்தை அது முன்வைத்தது. நார்வே நாட்டு மெய்யியலாளர் ஆர்னே நேஸ் 1973 இல் ஆழ்நிலைச் சூழலியல் என்ற கருத்தை அறிமுகப்படுத்தினார். ஜெர்மானிய மெய்யியலாளர் ஹான்ஸ் யோனாஸ் 1979 இல் இன்னும் பிறவாத தலைமுறைகளுக்கு நாம் பட்டிருக்கும் கடமையைப் பற்றி எழுதினார்.

இக்கருத்துகளில் சில பன்னாட்டுச் சட்டத்திலும் இடம்பெற்றன. 1992 ஆம் ஆண்டின் ஐ.நா. காலநிலை மாற்றச் சட்டக உடன்படிக்கை, இன்றைய மற்றும் வருங்காலத் தலைமுறைகளின் நலனுக்காக, நேர்மையின் அடிப்படையில், நாடுகள் தத்தம் பொறுப்புக்கும் திறனுக்கும் ஏற்பச் செயல்பட வேண்டும் என்றது. 2015 ஆம் ஆண்டின் பாரிஸ் ஒப்பந்தத்தின் 7 ஆவது பிரிவு, தகவமைப்புப் பணிகளில் பாலினச் சமத்துவமும் மக்கள் பங்கேற்பும் வெளிப்படைத்தன்மையும் வேண்டும் என்கிறது. எளிதில் பாதிக்கப்படும் மக்களையும் சூழல் தொகுதிகளையும் கருத்தில் கொள்ள வேண்டும், அறிவியலோடு மரபறிவையும் உள்ளூர் அறிவையும் துணைக்கொள்ள வேண்டும் என்றும் அது கூறுகிறது.

தகவமைப்பைப் பொறுத்தவரை சூழல் அறம் எழுப்பும் கேள்விகளை நான்காகச் சுருக்கலாம். பாதுகாப்பின் பயன் யாருக்கு, சுமை யாருக்கு? முடிவெடுப்பவர் யார்? ஆற்றுக்கும் காட்டுக்கும் உரிய இடம் என்ன? பிறக்கப்போகும் தலைமுறைக்கு எதை விட்டுச்செல்கிறோம்? வங்காளதேசத்தில் இக்கேள்விகளை முதலில் எழுப்பியவர்கள் மெய்யியலாளர்கள் அல்லர். கரையோர உழவர்களும் நிலமற்றோரும் மீனவருமே.

எட்டு மாதக் கரையும் நிலையான கரையும்

தென்மேற்கு வங்காளக் கடலோரத்தில் நிலக்கிழார் முறை நிலவிய காலத்தில் ‘அஷ்டமாசி’ கரைகள் என்ற வழக்கம் இருந்தது. மழைக்காலம் முடிந்ததும் தாழ்வான மண்கரை எழுப்பி உப்புநீரைத் தடுப்பார்கள். எட்டு மாதம் கழித்து, ஆற்றில் நன்னீர் பெருகும் மழைக்காலத்தில், கரையைத் திறந்துவிடுவார்கள். வண்டல் வயலில் படியும். நிலம் ஆண்டுதோறும் சிறிது உயரும். ஆற்றோடு முறைவைத்து வாழ்ந்த ஏற்பாடு என்று இதைக் கூறலாம். இம்முறையை உழவருக்குச் சமநீதி அளித்த பொற்காலமாக எண்ணிவிடக் கூடாது. கரை கட்டும் உழைப்பு குடியானவருடையது; விளைச்சலில் பெரும்பங்கு நிலக்கிழாருடையது. 1950 ஆம் ஆண்டுச் சட்டம் நிலக்கிழார் முறையை ஒழித்தபின் கரைகளைப் பராமரிக்கும் ஏற்பாடும் சிதைந்தது.

1954, 1955 ஆம் ஆண்டுகளின் பெருவெள்ளங்களுக்குப் பின், அன்றைய கிழக்குப் பாகிஸ்தானில் ஐ.நா. குழு ஒன்று ஆய்வு நடத்தியது. அதன் தொடர்ச்சியாக 1960களில் வெளிநாட்டு நிதியுதவியுடன் கடலோரக் கரைத் திட்டம் தொடங்கியது. நாற்புறமும் நிலையான கரையால் சூழப்பட்டு, மதகுகளால் நீர் கட்டுப்படுத்தப்படும் நிலப்பகுதி ‘போல்டர்’ எனப்பட்டது. இச்சொல் நெதர்லாந்திலிருந்து வந்தது. நாளடைவில் 139 போல்டர்கள் அமைந்தன. அவற்றுள் ஏறத்தாழ 12 லட்சம் எக்டேர் நிலம் அடங்கியது.

தொடக்கத்தில் நெல் விளைச்சல் கூடியது. ஆனால் வண்டலின் கணக்கு மாறிவிட்டது. வயலுக்குள் வர முடியாத வண்டல் ஆற்றுப்படுகையில் தங்கியது. ஆறு மேடானது, கரைக்குள் இருந்த நிலம் அமிழ்ந்து பள்ளமானது. 1975 இல் இந்தியாவில் ஃபராக்கா தடுப்பணை இயங்கத் தொடங்கியபின், வறண்ட மாதங்களில் கங்கை வழியாக வந்த நன்னீர் குறைந்ததும் இச்சிக்கலை வளர்த்தது. போல்டர் 32 இல் நடந்த ஓர் அறிவியல் ஆய்வு 2015 இல் வெளியானது. அருகிலுள்ள சுந்தரவனக் காட்டின் தரைமட்டத்தைவிடப் போல்டரின் தரைமட்டம் 1 முதல் 1.5 மீட்டர் வரை தாழ்ந்திருந்ததை அது காட்டியது. கரை கட்டப்படாத காடு உயர்ந்து நின்றது. கரை கட்டிக் காக்கப்பட்ட ஊர் தாழ்ந்து போயிருந்தது.

1970: எச்சரிக்கையும் ஒரு கடமையே

1970 நவம்பர் 12 இரவு தாக்கிய போலா புயலில் குறைந்தது மூன்று லட்சம் மக்கள் இறந்தனர். உலகில் பதிவான புயல்களிலேயே மிகுந்த உயிரிழப்பை ஏற்படுத்தியது அதுவே. புயல் உருவானது முன்கூட்டியே தெரிந்திருந்தது. ஆயினும் அந்தச் செய்தி மக்களுக்குப் புரியும் வகையில் தீவுகளைச் சென்று சேரவில்லை. புயலுக்குப் பின் பாகிஸ்தான் நடுவண் அரசு காட்டிய மெத்தனம் மக்களின் சினத்தைத் தூண்டியது. அடுத்த மாதம் நடந்த பொதுத்தேர்தலில் அவாமி லீக் பெற்ற பெருவெற்றிக்கும், 1971 விடுதலைப் போருக்கும் இச்சினம் ஒரு காரணமாக அமைந்தது.

புதிய நாடு தோன்றியவுடன் எடுத்த முதல் முயற்சிகளுள் ஒன்று, செஞ்சிலுவை இயக்கத்துடன் இணைந்து 1972-73 இல் உருவாக்கிய புயல் முன்னேற்பாட்டுத் திட்டம். ஊர்த் தன்னார்வலர்கள் கொடியேற்றியும் ஒலிபெருக்கியில் கூவியும் வீடு வீடாகச் சென்றும் எச்சரித்தனர். கால்நடைகளை விட்டுவிட்டு மக்கள் வர மறுத்ததால், அவற்றுக்காக ‘கில்லா’ என்னும் மண்மேடுகளும் எழுப்பப்பட்டன. உழவர் குடும்பத்தின் பிழைப்பு மாட்டோடு பிணைந்திருந்ததைப் புரிந்துகொண்ட ஏற்பாடு இது.

எனினும் 1991 ஏப்ரல் 29 புயலில் ஏறத்தாழ 1,38,000 பேர் மாண்டனர். இறந்தவர்களுள் பெண்களே மிகுதி. 20 முதல் 44 வயது வரையிலான பெண்களில் ஆயிரத்துக்கு 71 பேரும், அதே வயது ஆண்களில் ஆயிரத்துக்கு 15 பேரும் இறந்ததாக ஆய்வுகள் குறிப்பிடுகின்றன. கணவன் வரும்வரை வீட்டில் காத்திருந்தது, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓட முடியாதது, ஆண்கள் நிறைந்த மையத்துக்குச் செல்லத் தயங்கியது ஆகியவை காரணங்கள். புயல் ஒன்றுதான், சாவு ஒன்றாக இல்லை. இதன்பின் மையங்களில் பெண்களுக்குத் தனி அறைகள் அமைக்கப்பட்டன. பெண் தன்னார்வலர்கள் சேர்க்கப்பட்டனர். இன்று 76 ஆயிரத்துக்கும் மேற்பட்ட தன்னார்வலர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் பெண்கள். 2007 இல் வந்த சிதர் புயலில் உயிரிழப்பு சுமார் 3,400. 2020 மே மாத அம்பன் புயலின்போது சுமார் 24 லட்சம் மக்கள் முன்கூட்டியே வெளியேற்றப்பட்டனர். நாட்டில் இறந்தோர் எண்ணிக்கை சில பத்துகளுக்குள் அடங்கியது.

வெள்ளச் செயல்திட்டமும் ஒரு வழக்கும்

வங்காள மொழியில் வெள்ளத்துக்கு இரண்டு சொற்கள் உண்டு. ஆண்டுதோறும் வந்து வயலை நனைத்து மீனைக் கொண்டுவரும் நீர்ப்பெருக்கு ‘பொர்ஷா’. ஊரை அழிக்கும் வெள்ளம் ‘பொன்னா’. முன்னது வர வேண்டியது, பின்னது வரக்கூடாதது.

1987, 1988 ஆம் ஆண்டுகளில் அடுத்தடுத்துப் பெருவெள்ளம் வந்தது. 1988 இல் நாட்டின் ஏறத்தாழ 60 விழுக்காடு நிலம் நீரில் மூழ்கியது. உலக வங்கியின் ஒருங்கிணைப்பில், பல நாடுகளின் நிதியுதவியுடன் வெள்ளச் செயல்திட்டம் தொடங்கியது. பேராறுகளின் நெடுகிலும் கரை எழுப்பும் எண்ணம் அதன் பின்னணியில் இருந்தது. இது பொன்னாவோடு பொர்ஷாவையும் தடுத்துவிடும் என்று உள்நாட்டு அறிஞர்களும் தன்னார்வ அமைப்புகளும் எதிர்த்தனர். வெள்ளக்காலத்தில் நீர் பரந்த நிலமெல்லாம் மீன்பிடிக்கும் இடமாகிவிடும். நிலமற்ற ஏழையும் அங்கே வலை வீசலாம். கரை எழும்பினால் நிலவுடைமையாளரின் நெல் காக்கப்படும். நிலமற்றவரின் மீன் போய்விடும். பயன் ஒருவருக்கு, சுமை வேறொருவருக்கு என்ற அறச்சிக்கல் இங்கே தெளிவாகப் புலப்பட்டது.

தாங்காயில் மாவட்டத்தில் நடந்த இத்திட்டத்தின் 20 ஆவது பகுதியை எதிர்த்து, வங்காளதேசச் சுற்றுச்சூழல் வழக்கறிஞர் சங்கத்தின் நிறுவனர் முகியுத்தீன் ஃபரூக் வழக்குத் தொடுத்தார். அவர் நேரடியாகப் பாதிக்கப்பட்டவர் அல்லர் என்று உயர் நீதிமன்றம் மனுவை ஏற்கவில்லை. 1996 இல் மேல்முறையீட்டுப் பிரிவு அதை மாற்றியது. பொதுநலனுக்காகக் குரல் கொடுக்கும் அமைப்பும் வழக்காடலாம் என்றது. அரசியலமைப்பு உறுதியளிக்கும் வாழ்வுரிமையில் தூய சுற்றுச்சூழலுக்கான உரிமையும் அடங்கும் என்றும் விளக்கியது. 1997 இல் உயர் நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு திட்டத்தை நிறுத்தவில்லை. ஆனால் சட்டப்படியான பாதுகாப்புகளையும் இழப்பீட்டையும் கடைப்பிடிக்குமாறு அரசைப் பணித்தது. வெள்ளத் தடுப்பு என்ற பெயரில் அரசு செய்வதெல்லாம் கேள்விக்கு அப்பாற்பட்டதன்று என்பது அன்று நிலைநாட்டப்பட்டது.

மக்கள் வெட்டிய கரை

குல்னா, ஜெசூர் மாவட்டங்களில் ‘பீல்’ எனப்படும் தாழ்நிலங்கள் 1980களில் ஆண்டு முழுவதும் நீர் தேங்கிக் கிடந்தன. ஆறு மேடானதால் மதகைத் திறந்தாலும் நீர் வடியவில்லை. பயிரிட வழியில்லாத மக்கள் 1990 இல் பீல் டகாட்டியாவின் கரையைத் தாங்களே வெட்டினர். 1997 இல் பீல் பைனாவிலும் இது நிகழ்ந்தது. அரசின் பார்வையில் இது சட்டமீறல்.

விளைவு வேறாக இருந்தது. ஓதத்தோடு வந்த நீர் வண்டலைப் பள்ளத்தில் விட்டுச்சென்றது. வற்றும்போது விரைந்து பாய்ந்த நீர் ஆற்றுப்படுகையை அரித்து ஆழப்படுத்தியது. நிலம் உயர்ந்தது, ஆறு உயிர்பெற்றது. பழைய எட்டு மாதக் கரையின் அறிவு புது வடிவில் திரும்பி வந்தது எனலாம். பின்னர் நடந்த தாக்க மதிப்பீடுகள் இதன் பயனை உறுதிசெய்தன. ‘ஓத ஆற்று மேலாண்மை’ என்ற பெயரில் அரசின் நீர்த்திட்டங்களில் இது சேர்க்கப்பட்டது. 2018 இல் ஒப்புதல் பெற்ற டெல்டா திட்டம் 2100 இலும் இடம்பெற்றது.

ஆனால் அரசு கையில் எடுத்தபோது ஒரு குறை தலைதூக்கியது. ஓதநீரை விடும் சில ஆண்டுகள் அந்நிலத்தில் பயிரிட முடியாது. அக்காலத்துக்கு உழவருக்கும் குத்தகைதாரருக்கும் இழப்பீடு உரிய வேளையில் சென்று சேரவில்லை. 2012 இல் பீல் கபாலியாவில் மக்கள் கடுமையாக எதிர்த்து அப்பணியை நிறுத்தினர். ஆற்றுக்கு நீதி செய்யும் திட்டமே ஏழைக்கு அநீதியாக மாறக்கூடும் என்பதற்கு இது சான்று.

இறாலும் கருணாமயி சர்தாரும்

1980களில் ஏற்றுமதிக்கான இறால் வளர்ப்பு கடலோரத்தில் பரவியது. செல்வாக்குள்ளோர் கரைகளைத் துளைத்து உப்புநீரை உள்ளே விட்டனர். வயல் உவரானது, குடிநீர்க் குளம் கெட்டது, கூலிவேலை குறைந்தது. குல்னா மாவட்டத்தின் போல்டர் 22 இல் நிலமற்ற மக்கள் இதை எதிர்த்து அணிதிரண்டனர். 1990 நவம்பர் 7 அன்று அரின்கோலாவில் ஊர்வலத்தை முன்னின்று நடத்திய கருணாமயி சர்தார் கொல்லப்பட்டார். அவர் நினைவாக ஆண்டுதோறும் அந்நாளில் மக்கள் அங்கே கூடுகின்றனர். போல்டர் 22 இறால் பண்ணையின்றி நெல்லும் காய்கறியும் விளையும் இடமாகத் தொடர்ந்தது.

உப்புக்கு ஏற்ப மாறுவதற்கு இறால் வளர்ப்பு நல்ல வழி என்று பிற்காலத்தில் சிலர் வாதிட்டனர். கடலோரத்தின் உப்பு முழுவதும் கடல்மட்ட உயர்வால் வந்ததன்று. ஒரு பகுதி மனிதர் வேண்டுமென்றே உள்ளே விட்டது. செயற்கையான கேட்டைக் காலநிலையின் மேல் சுமத்திவிட்டு, அதற்கு ஏற்ப ஏழைகளை மாறச் சொல்வது தகவமைப்பு ஆகாது. இதைக் கொள்கை வகுப்போர் கற்க இந்த ஊரின் வரலாறு உதவுகிறது.

தேசியக் கொள்கை ஆவணங்கள்

2005 இல் வங்காளதேசம் தன் தேசியத் தகவமைப்புச் செயல்திட்டத்தை வெளியிட்டது. அதில் 15 முன்னுரிமைத் திட்டங்கள் இருந்தன. மக்கள் பங்கேற்புடன் கடலோரக் காடு வளர்த்தல் அவற்றுள் முதன்மையானது. இதன் வழியில் அலையாத்தி மரங்களோடு மீன்குட்டையும் பழமரமும் இணைந்த முறை உருவானது. காடு கடலைத் தடுக்கும். குட்டையும் மரமும் குடும்பத்துக்குச் சோறு போடும். காட்டைக் காக்கச் சொல்லும்போது காப்பவரின் பசியையும் எண்ணிய முறை இது.

2008 இல் வெளியாகி 2009 இல் திருத்தப்பட்ட காலநிலை மாற்ற உத்தியும் செயல்திட்டமும் ஆறு தூண்களையும் 44 திட்டங்களையும் கொண்டது. உணவுப் பாதுகாப்பு, சமூகப் பாதுகாப்பு, நலவாழ்வு ஆகியவை முதல் தூணாக வைக்கப்பட்டன. கட்டுமானம் அதன்பின் வந்தது. இவ்வரிசையே ஓர் அறத்தேர்வு. 2022 இல் ஐ.நா.வுக்கு அளிக்கப்பட்ட தேசியத் தகவமைப்புத் திட்டம் 2023 முதல் 2050 வரையிலான காலத்துக்கு, எட்டுத் துறைகளில் 113 செயல்களை வகுத்தது. அதற்குத் தேவைப்படும் தொகை ஏறத்தாழ 23,000 கோடி அமெரிக்க டாலர் என மதிப்பிடப்பட்டது.

செலவு யாருடையது?

வெளியீட்டில் பங்கு குறைவு, பாதிப்பு மிகுதி என்ற நிலையில் இத்தொகையை யார் தருவது? வங்காளதேசம் இதற்கு இருமுனையில் விடை தேடியது. ஒருபுறம், 2009-10 நிதியாண்டில் சொந்த வருவாயிலிருந்து காலநிலை அறக்கட்டளை நிதியைத் தொடங்கி, 2010 இல் அதற்குச் சட்டமும் இயற்றியது. நிதியில் 66 விழுக்காட்டைத் திட்டங்களுக்குச் செலவிட்டு, 34 விழுக்காட்டை வருங்காலத்துக்காக வைப்பில் இடுவது ஏற்பாடு. மறுபுறம், பன்னாட்டு அரங்கில் தகவமைப்புக்கான பணம் கடனாக வரக்கூடாது, மானியமாக வர வேண்டும் என்று வற்புறுத்தியது. பிறர் விளைவித்த கேட்டைச் சமாளிக்கத் தான் வட்டி கட்டுவது நீதியன்று என்பது அதன் வாதம். தகவமைப்பால் ஈடுசெய்ய முடியாத இழப்புகளுக்கான நிதியைக் கோருவதில் வங்காளதேச அறிவியலாளர் சலீமுல் ஹக் பல்லாண்டுகள் உழைத்தார். 2022 இல் எகிப்தில் நடந்த மாநாடு அந்நிதியை அமைக்க ஒப்புக்கொண்டது. அவர் 2023 அக்டோபரில் காலமானார்.

வெளியே நீதி கேட்கும் நாடு உள்ளேயும் நீதி செய்ய வேண்டும். அறக்கட்டளை நிதியில் திட்டத் தேர்வில் அரசியல் தலையீடும் வெளிப்படைத்தன்மைக் குறைவும் இருப்பதாக வங்காளதேச டிரான்ஸ்பரன்சி இன்டர்நேஷனல் அமைப்பு தொடர்ந்து சுட்டிக்காட்டியது.

ஆற்றின் உரிமையும் காட்டின் நிலையும்

2011 இல் அரசியலமைப்பின் 15 ஆவது திருத்தம் 18அ பிரிவைச் சேர்த்தது. இன்றைய மற்றும் வருங்காலக் குடிமக்களுக்காக இயற்கை வளங்களையும் பல்லுயிரையும் நீர்நிலைகளையும் காடுகளையும் காக்க அரசு முயல வேண்டும் என்று அது கூறுகிறது. பிறவாத குடிமகனுக்கும் அரசியலமைப்பில் இடம் கிடைத்தது. 2019 இல் உயர் நீதிமன்றம் துராக் ஆறு தொடர்பான வழக்கில் நாட்டின் ஆறுகள் சட்டப்படி உயிருள்ள ஆள்கள் என்று தீர்ப்பளித்து, தேசிய ஆற்றுப் பாதுகாப்பு ஆணையத்தை அவற்றின் காப்பாளராக்கியது. அதே ஆண்டு நவம்பரில் நாடாளுமன்றம் புவிக்கோள் நெருக்கடியை அறிவித்தது.

எனினும் முரண்கள் நீங்கவில்லை. புயலின் வேகத்தை முதலில் தாங்கும் அரண் சுந்தரவனம். 1997 இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்த அக்காட்டுக்கு ஏறத்தாழ 14 கிலோமீட்டர் தொலைவில், ராம்பாலில், 1,320 மெகாவாட் நிலக்கரி மின்நிலையம் இந்திய-வங்காளதேசக் கூட்டு முயற்சியில் எழுந்தது. அதை வேறிடத்துக்கு மாற்ற வேண்டும் என்று 2016 இல் யுனெஸ்கோ ஆய்வுக்குழு பரிந்துரைத்தும் பணி தொடர்ந்தது. காட்டைக் கேடயம் என்று கொள்கையில் எழுதும் அரசே அதன் அருகில் கரியை எரிக்கும் நிலை உருவானது.

இடம்பெயர்வும் ஓர் அறச்சோதனை. 2009 மே 25 ஐலா புயலில் இறந்தோர் சுமார் 190 பேர்தான். ஆனால் போல்டர் 32 போன்ற இடங்களில் உடைந்த கரைகள் அடைபட ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஆயின. அதுவரை ஆயிரக்கணக்கான குடும்பங்கள் கரையின் மேலேயே குடிசை போட்டு வாழ்ந்தன. உயிர் காப்பதில் பெற்ற வெற்றி, வாழ்வு காப்பதில் கிட்டவில்லை. காக்ஸ் பஜார் அருகே குருஷ்குல்லில் 139 ஐந்துமாடிக் கட்டடங்களில் 4,409 குடும்பங்களுக்கு வீடு தரும் திட்டம் 2020 இல் திறக்கப்பட்டது. 1991 புயலில் தீவுகளை இழந்து வந்தோர் இதன் பயனாளிகளுள் அடங்குவர். புயலுக்கும் வீட்டுக்கும் இடையே 29 ஆண்டுகள் கடந்திருந்தன. கடலை நம்பிப் பிழைத்தவர் மாடி வீட்டிலிருந்து எங்கே வலை உலர்த்துவார் என்ற கேள்விக்கும் கொள்கை விடை தர வேண்டும்.

முடிவுரை

வங்காளதேசத்தின் வரலாறு ஒன்றைத் தெளிவுபடுத்துகிறது. சூழல் அறம் அந்நாட்டின் கொள்கைக்குள் மேலிருந்து இறங்கி வரவில்லை. கரையை வெட்டிய உழவர், இறால் பண்ணையை எதிர்த்து உயிர்விட்ட பெண், மீனுரிமைக்காக வாதிட்ட வழக்கறிஞர், ஒலிபெருக்கியோடு ஓடிய தன்னார்வலர் ஆகியோர் அதை உள்ளே கொண்டுவந்தனர். ஆவணங்கள் அதைப் பின்னர் எழுதிக்கொண்டன. எழுதியது நடைமுறையில் நிற்கிறதா என்பதை அறிய ஓர் எளிய அளவுகோல் உண்டு. ஒரு கரை கட்டப்படும்போது அதன் வெளிப்புறத்தில் நிற்பவரிடம் கேட்கப்பட்டதா, அவருக்கு ஈடு கிடைத்ததா, ஆறு ஓட இடம் இருக்கிறதா, ஐம்பது ஆண்டு கழித்து அந்நிலம் உயர்ந்திருக்குமா தாழ்ந்திருக்குமா என்று பார்க்க வேண்டும். இக்கேள்விகளுக்கு நேர்மையாக விடை சொல்லும் திட்டமே தகவமைப்பு எனும் பெயருக்குத் தகுதியுடையது. கடலோரம் கொண்ட எந்த நாட்டுக்கும் இது பொருந்தும்.